முந்நூற்றுக்கு மேல்

மேலிருந்த நூறு தாளும் ஒரு வம்பும் செய்யாமல் பிரிந்து வந்தன. அதற்குக் கீழே கை வைத்ததுமே தாஜுன்னிசாவுக்குத் தெரிந்துவிட்டது. ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் ஒரு தாள் வரவேண்டிய இடத்தில் ஏழெட்டுத் தாள் ஒன்றாக எழுந்தன. கட்டைவிரலால் மூலையை நீவி, ஒன்றை மட்டும் பிரித்து இழுத்தாள். சர்ரென்று ஒரு சத்தம். படத்தில் இருந்த வெட் கிரைண்டரின் கருங்கல் பாதிதான் அந்தத் தாளில் மிச்சம். மீதிப் பாதி மேல் தாளின் முதுகோடு போய்விட்டது. கல் இருந்த இடத்தில் தாளின் வெள்ளைத் தோல் தெரிந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். காயாத மைக்கு ஒரு பச்சை எண்ணெய் வாடை உண்டு. ராத்திரி முழுக்க நின்ற அடுக்கில் அந்த வாடை இருக்கக் கூடாது.

எதிரே உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்த நஞ்சம்மாள் எட்டிப் பார்த்தாள். பைண்டிங்கில் அவள்தான் மூத்தவள்.

"என்ன அம்மணி, சூடு பத்தாத கல்லுல ஊத்துன தோசையாட்ட வருது?"

"ஒட்டிக்கிச்சுக்கா. கீழ பூரா இப்படித்தான் இருக்கும்."

"அட சாமி. வெள்ளிக்கெழம எக்ஸிபிஷன்னு அந்தத் தனபாலு நேத்தே ரெண்டு தடவ போனு போட்டாரு. இன்னைக்குக் காப்பித்தண்ணிக்கு முன்னாலயே நமக்குப் பூசை ஆரம்பம்."

தனபால் சிங்காநல்லூரிலேயே கிரைண்டர் கம்பெனி வைத்திருப்பவர். கண்காட்சியில் கொடுக்க நாலாயிரம் விளம்பரத் தாள் கேட்டிருந்தார். நேற்று, செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஐந்து மணிக்கு மெஷின் ஏறி எட்டு மணிக்கு இறங்கியது. காலையில் கட்டிங் மெஷின்காரர் அவசரம் அவசரம் என்று தாளை உதறிக்கூடப் பார்க்காமல் நாலு ஓரத்தையும் வெட்டித் தள்ளிவிட்டார். மேலே பாரம் இல்லாத தாள்கள் காற்று வாங்கிக் காய்ந்திருந்தன. நடுவில் இருந்தவை ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு அப்படியே இறுகிவிட்டன.

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் இருந்த அந்த அச்சகத்தில் கீழே மெஷினும் பைண்டிங்கும், மாடியில் ஏ.சி. போட்ட கம்ப்யூட்டர் அறையும். கரும்புக்கடையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து பதினேழு வருஷமாகத் தாஜுன்னிசா இந்த மேஜை முன்னால் நிற்கிறாள். வந்த புதிதில் அவளுக்கு எழுத்துத் தெரியாது. பக்கங்களை வரிசையாக அடுக்கும் வேலை என்பதால் எண்கள் முதலில் வந்து ஒட்டிக்கொண்டன. மற்றதெல்லாம் மாவில் எறும்பு ஊர்ந்த தடம் போலத்தான் இருந்தது. முப்பத்து நாலு வயதுக்கு மேல், மடிக்கிற தாளில் பெரிதாக இருக்கும் எழுத்துகளைக் காட்டி இது என்ன, இது என்ன என்று நஞ்சம்மாளிடம் கேட்கத் தொடங்கினாள். "உனக்குச் சொல்றதுக்கு ரெண்டு கட்டு மடிச்சுப்போடுவேன் நானு" என்று திட்டிக்கொண்டேதான் அவளும் சொன்னாள். கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூட டைரி, மருந்துக்கடை பில் புத்தகம் என்று எது வந்ததோ அதுவே பாடம். இப்போது பேப்பர் படிப்பாள். மெதுவாகத்தான். முதுகு வலிக்கிற நாளில் எழுத்தும் சேர்ந்து வலிப்பது போல இருக்கும்.

மாடி ஏ.சி. அறையில் இருப்பது அவள் மகள் ரம்ஷா. இருபத்திரண்டு வயது. காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் டிசைன் படித்துவிட்டு அலைந்துகொண்டிருந்தாள். அதற்கு முன் அங்கே இருந்த தேஜஸ்ரீ பெங்களூருக்குப் போனதும், முதலாளி ஜபருல்லா தாஜுன்னிசாவைக் கூப்பிட்டு, "உம் பொண்ணை வரச் சொல்லு. ஆறு மாசம் பார்ப்பேன். சர்டிபிகேட்டப் பார்த்து எடுக்கல, உன்னைப் பார்த்து எடுக்கறேன்" என்றார். ஐந்து மாசம் முடிந்திருந்தது.

வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் ஒருநாள், வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே ரம்ஷா ஒரு மைக் கணக்கைச் சொன்னாள். "எந்தப் படமா இருந்தாலும் நாலு மைதாம்மா. நீலம், செவப்பு, மஞ்சள், கருப்பு. படத்துல ஒரு எடத்துல அம்புக்குறிய வச்சா, அங்க ஒவ்வொரு மையும் நூத்துக்கு எத்தன விழும்னு கம்ப்யூட்டர் காட்டும். நாலையும் கூட்டணும். நாலும் முழுசா விழுந்தா நானூறு. நம்ம தாளு முந்நூறு வரைக்கும்தான் தாங்கும். அதுக்கு மேல போனா காயாது. படத்துல எங்க ரொம்ப இருட்டா இருக்கோ அங்க வச்சுப் பாக்கணும்."

தாஜுன்னிசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப பதினேழு வருஷமா நான் நகம் பேத்துப் பிரிச்சதெல்லாம் முந்நூத்துக்கு மேலதானா? இத ஒருத்தனும் சொல்லலியே." சிரித்து முடித்த பிறகு கொஞ்ச நேரம் தன் கைவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மஞ்சள் அட்டை உண்டு. எந்தத் தாள், எத்தனை, என்ன அளவு என்று எழுதி வரும் அந்த அட்டையில் 'மை மொத்தம்' என்று ஒரு கட்டம். டிசைன் செய்கிறவர் சோதித்து, எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மெஷினில் ஏற்றும் ப்ளேட் போடுவார்கள். ஜபருல்லா அதில் கறார். "தப்பு எல்லாருந்தான் பண்ணுவோம். தாளு போகும், வாங்கிக்கலாம். பார்க்காம பார்த்தேன்னு அட்டையில எழுதறவன் எனக்கு வேண்டாம்" என்பார். போன வருஷம் அப்படி எழுதிய ஒருவனை அன்று மதியமே அனுப்பிவிட்டார்.

மெஷின் பக்கத்திலிருந்து அவர் குரல் கேட்டது. தகவல் போய்விட்டது.

"எத்தன மை வச்ச பாலு?"

"எப்பவும் வெக்கறதுதானுங் பாய்."

மெஷின்மேன் பாலுசாமிக்கு ஐம்பத்தாறு வயது. முதலாளி முன்னால் நிற்கும்போது கையில் இருக்கிற எண்ணெய்த் துணியைக் கீழே வைக்கவும் மாட்டார், துடைக்கவும் மாட்டார். முறுக்கிக்கொண்டே நிற்பார்.

"எப்பவும் வைக்கறத வச்சா இப்படிச் சீமைப் பசை போட்ட மாதிரி ஒட்டுமா? கருப்பு நல்லா எழும்பட்டும்னு மையத் தொறந்து விட்டுட்ட."

"பழனியாண்டவன் மேல ஆணையாச் சொல்றனுங், கூட வெக்கலைங்க. பட்டையப் பாருங்க, தெரிஞ்சுபோகும்."

"பட்டை எங்க இருக்கு? காலையில வெட்டியாச்சு."

தாளின் ஓரத்தில் சின்னச் சின்னச் சதுரங்களாக ஒரு பட்டை விழும். ஒரு சதுரம் நீலம் மட்டும், ஒன்று சிவப்பு மட்டும், ஒன்று மஞ்சள், ஒன்று கருப்பு. மெஷின்காரன் எவ்வளவு மை கொடுத்தான் என்பதற்கு அதுதான் சாட்சி. வாடிக்கையாளருக்குப் போகிற தாளில் அது இருக்காது. ஓரத்தோடு வெட்டுப்பட்டுக் குப்பைக்குப் போய்விடும்.

"மெஷின்ல எடுத்து ஓ.கே. பண்ணின தாள்?"

"அதையும் அடுக்கு மேலயே வெச்சுப்போட்டனுங். அதுவும் சேந்து வெட்டுப்பட்டுருச்சு."

"நல்லா வெச்ச. போன ஆடியில என்ன சொன்ன? அன்னைக்கும் கூட வைக்கலைன்னுதான் சொன்ன."

பாலுசாமி துணியை இன்னொரு முறுக்கு முறுக்கினார். போன ஆடியில் அவர் குடித்துவிட்டு வந்து ஒரு பள்ளிக்கூட டைரி அட்டை முழுவதையும் நாசம் செய்தது எல்லோருக்கும் தெரியும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போய் வந்ததிலிருந்து அவர் தொடுவதில்லை என்பதும் தெரியும். முதலாவதுதான் ஆட்களுக்கு ஞாபகம் இருந்தது.

"வேற ஆளைக் கூட்டி வந்து அடிச்சுக்கறேன். நீ வீட்டுக்குப் போ பாலு. வயசாயிருச்சு, என்னாலயும் கத்த முடியல, உன்னாலயும் கேட்க முடியல. இதோட நிறுத்திக்கலாம்."

"செரிங்." பாலுசாமி மெஷின் பக்கம் திரும்பி, "ரோலரக் கழுவிப்போட்டுப் போறனுங். மை காஞ்சுட்டா பொறகு வாரவனுக்குச் செரமம்" என்றார்.

நஞ்சம்மாள் மடிப்பதை நிறுத்தாமல் முணுமுணுத்தாள். "போறப்பவும் கழுவிப்போட்டுப் போறானாமா. இவனைக் கட்டுனவ புண்ணியம் பண்ணியிருக்கோணும், குடிக்காத நாள்ல."

தாஜுன்னிசா வேலையைத் தொடர்ந்தாள். தேறுகிற தாளைத் தனியாக எடுத்து எண்ணி வைக்கச் சொல்லியிருந்தார்கள். நூற்றுக்கு ஒரு முறை அடையாளத்துக்கு ஒரு துண்டுக் காகிதம் செருக வேண்டும். வழக்கம் போலக் காலுக்குப் பக்கத்தில் இருந்த சாக்கில் கைவிட்டு, வெட்டிப்போட்ட ஓரத் துண்டுகளில் ஒரு கை அள்ளி மேஜையில் போட்டாள். முதல் நூறு. ஒரு துண்டைச் செருகினாள். செருகிய கை அங்கேயே நின்றது.

அள்ளியதில் அந்த ஒரு துண்டில்தான் பட்டை இருந்தது. நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்பு. தனபாலின் தாளின் ஓரம்தான், பக்கத்தில் அடையாளத்துக்குப் போட்டிருந்த கம்பெனிப் பெயர் பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்தது. கருப்புச் சதுரத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். விரல் சுத்தமாக இருந்தது. மேஜையின் மறு மூலையில் போன வாரம் அடித்த பம்ப் செட் புத்தகக் கட்டு கிடந்தது. அதிலும் அடையாளத் துண்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றை உருவி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். கருப்பும் கருப்பும் ஒன்று. நீலமும் நீலமும் ஒன்று. பாலுசாமி ஒரு சொட்டுகூட அதிகமாக வைக்கவில்லை. தனியாக விழுந்த மை நான்கும் காய்ந்துவிட்டன. நான்கும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிய கல்லில்தான் ஈரம் நின்றது. அப்படி ஏற்றி அனுப்பியது மெஷின் இல்லை.

நிமிர்ந்து மாடிப்படியைப் பார்த்தாள்.

நேற்று மூன்றரை மணிக்கு அவள்தான் மாடிக்குப் போனாள். ரம்ஷாவைப் பெண் பார்க்க ஆட்கள் வருவதாக இருந்தது. சஹீர் என்று பையன், உக்கடத்தில் செல்போன் கடை. முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். ஏ.சி. அறைக் கதவைத் தட்டியபோது ரம்ஷா, "ரெண்டு நிமிஷம்மா. தனபால் சார் மகன் இப்பத்தான் வேற படம் அனுப்பியிருக்காரு. வெள்ளைக் கல்லுப் படம் வேண்டாமாம், கருங்கல்லுதான் பணக்காரக் களையா இருக்காம். மாத்திட்டு ஒரு தடவ பாத்துட்டு வந்தர்றேன்" என்றாள். தாஜுன்னிசா வாசலில் நின்று அவசரப்படுத்தினாள். "மாத்திட்டு வா போதும். பாக்கறதெல்லாம் என்ன ஓடியா போகுது? நாளைக்குப் பாரு. அவங்க கிளம்பிட்டாங்களாம், ஊடு கூட்டக்கூட இல்ல." ரம்ஷா அம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுந்தாள். மஞ்சள் அட்டை ஏற்கெனவே எழுதிக் கையெழுத்துப் போட்டு மேஜையில் இருந்தது. அது வெள்ளைப் படத்துக்கு எழுதியது. அதே அட்டையோடு கருப்புப் படம் மெஷினுக்குப் போய்விட்டது.

சேலைக்கு மேல் போட்டிருந்த பழைய ஆண் சட்டையின் பைக்குள் இரண்டு துண்டுகளையும் வைத்தாள். பைண்டிங் பெண்கள் எல்லோரும் அப்படி ஒரு சட்டை போட்டிருப்பார்கள். எடுத்து வைத்ததை நஞ்சம்மாள் பார்த்தாளா என்று தெரியவில்லை. பார்த்தாலும் அவள் கேட்க மாட்டாள், இரண்டு நாள் கழித்து வேறு எதையோ பேசும்போது சொல்லிக்காட்டுவாள்.

பத்தரை மணிக்குப் பழைய பேப்பர்க்காரரின் டெம்போ வந்தது. வழக்கமாக வியாழக்கிழமைதான் வருவார். இன்றைக்கு ஏதோ இந்தப் பக்கம் வந்தாராம். சாக்கைத் தூக்கிக் கொக்கித் தராசில் மாட்டினார். தாஜுன்னிசா சாக்கின் வாயைக் கட்டிக்கொடுத்தாள். அந்தச் சாக்கில் இருந்த நாலாயிரம் தாளின் ஓரமும் அதோடு போய்விட்டது. இனி பட்டை இருக்கிற இடம் அவள் சட்டைப் பை ஒன்றுதான். அவள் எதுவும் பேச வேண்டியதில்லை. பொய் சொல்ல வேண்டியதுகூட இல்லை. சும்மா இருந்தால் போதும். இன்னும் ஒரு மாதம் போனால் ரம்ஷாவின் வேலை உறுதி. பையன் வீட்டிலும் பெண் ஏ.சி. அறையில் வேலை பார்க்கிறாளா என்றுதான் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்கள். ரம்ஷாவின் அத்தா, தாஜுன்னிசாவின் வீட்டுக்காரர், மரக்கடையில் தோளில் பலகை சுமந்து சுமந்து ஒரு பக்கம் சரிந்தே நடக்கிறார். அந்த வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கும் முதல் ஆள் ரம்ஷாதான்.

மெஷினுக்கு அந்தப் பக்கம் பாலுசாமி குந்தி உட்கார்ந்து, ரோலரில் மண்ணெண்ணெய் ஊற்றித் துணியால் இழுத்துக்கொண்டிருந்தார். அவசரமே இல்லை. ஒரு ரோலரை முடித்து, விரலால் தடவிப் பார்த்து, அடுத்ததுக்குப் போனார்.

தாஜுன்னிசா மாடிப்படி ஏறினாள். ஏ.சி. அறைக்குள் செருப்புப் போட்டுப் போகக் கூடாது. அவள் வழக்கமாக வாசலோடு நின்றுகொள்வாள். இன்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். தரை சில்லென்று இருந்தது. ரம்ஷாவின் திரையில் அந்தக் கருங்கல்தான் இருந்தது.

"எங்க ரொம்ப இருட்டு?" என்றாள் தாஜுன்னிசா.

ரம்ஷா திரும்பிப் பார்க்காமல் அம்புக்குறியைக் கல்லின் அடியில் இருந்த நிழலுக்கு நகர்த்தினாள். ஓரத்தில் நான்கு எண்கள் வந்தன. தொண்ணூற்றிரண்டு. எண்பத்து நாலு. எண்பத்தொன்று. நூறு. தாஜுன்னிசா உதடு அசையக் கூட்டினாள்.

"முந்நூத்தி அம்பத்தேழு."

"ம்."

"எப்பப் பாத்த?"

"காலையில. அவரு கத்தினது இங்க வரைக்கும் கேட்டுச்சு. அப்பவே தொறந்து பாத்தேன்." ரம்ஷாவின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கைதான் மவுஸை விடாமல் பிடித்திருந்தது. "எந்திரிச்சேன்மா. கதவு வரைக்கும் போனேன். மறுபடி வந்து உக்காந்துட்டேன்."

தாஜுன்னிசா பையிலிருந்து துண்டுகளை எடுத்துக் கீபோர்டு மேல் வைத்தாள். அவை என்ன என்று ரம்ஷாவுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நீதான கூப்பிட்ட" என்றாள் ரம்ஷா.

"ஆமா. நாந்தான்."

"நான் பாத்துட்டு வாரேன்னு சொன்னேன்."

"சொன்ன. நாந்தான் நாளைக்குப் பாருன்னேன்."

அம்மா மறுத்திருந்தால் ரம்ஷா சண்டை போட்டிருப்பாள். ஏ.சி. ஒரு சுற்று நின்று மறுபடி ஓடியது. அவள் துண்டுகளை எடுத்து அம்மாவின் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"நீ போகாதம்மா. நானே போய்ச் சொல்றேன். நீ போய்ச் சொன்னா வேற மாதிரி ஆயிரும். சித்த நேரம் குடு."

"பாலுண்ணா ரோலரக் கழுவிட்டிருக்காரு. முடிச்சாக் கிளம்பிருவாரு."

"தெரியும். வாரேன். நீ போ."

தாஜுன்னிசா இறங்கி வந்து மேஜையில் நின்றாள். ஒரு தாள். இன்னொரு தாள். கண் படிக்கட்டிலேயே இருந்தது. பாலுசாமி மூன்றாவது ரோலரை முடித்தார். நான்காவதுக்கு வந்தார். படிக்கட்டில் யாரோ இறங்கும் சத்தம் கேட்டது. ஃபைல் கொடுக்க வந்த வெளியாள். கேட்டுக்குப் போய்விட்டான். ஒரு பிள்ளை பயப்படுவதற்கு எத்தனை நேரம் கொடுக்கலாம் என்று அவளுக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளில் வாசற்படியில் அரைமணி நேரம் நின்றுவிட்டுத்தான் ரம்ஷா உள்ளே போனாள். அன்று டீச்சர் இழுக்க வந்தபோது தாஜுன்னிசா வேண்டாம் என்று தடுத்தாள். அவளாகத்தான் போனாள், போகாமல் இருக்கவில்லை. ஆனால் அன்று வாசற்படியில் வேறு யாரும் காத்துக்கொண்டிருக்கவில்லை.

பாலுசாமி மண்ணெண்ணெய் டின்னை மூடினார். குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டார். ஆணியில் மாட்டியிருந்த சட்டையை உதறிப் போட்டுக்கொண்டார். சோற்று டப்பாவை எடுத்துப் பையில் வைத்தார், இன்னும் திறக்காத டப்பா. பைண்டிங் மேஜையைக் கடக்கும்போது நின்றார்.

"வாரனுங் அம்மணி. ஏனக்கா, வாரேன்."

"போய்ட்டு வாரேன்னு சொல்லு சாமி. வாரேன்னு சொல்லிப்போட்டு எங்க வாரே?" என்றாள் நஞ்சம்மாள். கேலியாகச் சொல்ல நினைத்துத் தொடங்கியது, பாதியில் குரல் மாறிவிட்டது.

"அண்ணா, ஒரு அஞ்சு நிமிஷம் இங்க உக்காருங்க" என்றாள் தாஜுன்னிசா. தன் ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினாள். படிக்கட்டை ஒரு தடவை பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. முதலாளி அறையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

ஜபருல்லா போனில் தனபாலைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குள் கொண்டுவந்து கொடுப்பதாகச் சொல்லி வைத்தார். நிமிர்ந்தார். அவள் இரண்டு துண்டுகளையும் மேஜைக் கண்ணாடி மேல் வைத்து, ஒன்றுக்கொன்று பக்கத்தில் நகர்த்தினாள். அவர் இழுப்பறையிலிருந்து சின்ன பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். ஒவ்வொரு சதுரமாகப் பார்த்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

"எங்க இருந்து எடுத்த?"

"எண்ணிக்கைக்குச் செருகின துண்டுங்க."

"பாலு அளவுக்கு மேல வைக்கல."

"இல்லீங்க."

"அட்டையில இருநூத்தித் தொண்ணூறுன்னு இருக்கு தாஜு."

"அது வெள்ளைப் படத்துக்கு எழுதினதுங்க. அதுக்கப்பறம் படம் மாறிச்சு. மாத்தின படத்தப் பாக்கறதுக்குள்ள நான் போய் நின்னு இழுத்துட்டுப் போயிட்டேன். பொண்ணு பாக்க வாராங்கன்னு."

அவர் பூதக்கண்ணாடியைத் துண்டின் மேலேயே வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "இப்ப நீ உம் மகளைக் காப்பாத்த வந்தியா, காட்டிக்குடுக்க வந்தியா?"

"தெரியலைங்க."

வெளியே கண்ணாடி வழியாகப் பாலுசாமியின் முதுகு தெரிந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நஞ்சம்மாள் அவருக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அவ சொல்றேன்னு சொன்னாளா?" என்றார் ஜபருல்லா.

"சொன்னா."

"பின்ன நீ ஏன் வந்த?"

"அவரு டப்பாவ எடுத்துட்டாருங்க."

ஜபருல்லா மாடிக்கு ஆள் அனுப்பினார். தாஜுன்னிசா வெளியே வரும்போது ரம்ஷா படிக்கட்டின் கடைசிப் படியில் இருந்தாள். ஆள் போய்க் கூப்பிட்டதால் வந்தாளா, அவளாகவே கிளம்பி வழியில் அந்த ஆளைச் சந்தித்தாளா என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை. கையில் மஞ்சள் அட்டை இருந்தது. அம்மாவைப் பார்த்தாள், அம்மா வெளியே வந்த கதவைப் பார்த்தாள். "கொஞ்சம் பொறுத்திருக்கலாமில்ல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்தக் கதவு அரைமணி நேரம் மூடியிருந்தது. இரண்டு தலைகள் தெரிந்தன, ஒன்று குனிந்து, ஒன்று நேராக. இடையில் பாலுசாமியைக் கூப்பிட்டார்கள். அவர் உள்ளே போய் உடனே வந்துவிட்டார். சட்டையைக் கழற்றி அதே ஆணியில் மாட்டினார். டப்பாவைத் திறந்து, மெஷின் பக்கத்தில் நின்றபடியே சாப்பிட்டார். ரம்ஷா மாடிக்குப் போனாள். ஜபருல்லா பைண்டிங் மேஜை வரை வந்து, ஒட்டிய கட்டு ஒன்றைப் புரட்டிப் பார்த்தார். "ஃபைலச் சரி பண்ணச் சொல்லியிருக்கேன். கருப்ப விட்டுட்டு மத்த மூணையும் கொறைச்சா இருநூத்தித் தொண்ணூறுக்குள்ள வந்துரும், கல்லும் கருப்பாத்தான் இருக்கும். மத்ததை இந்த வேலை முடியட்டும், பேசிக்கலாம்" என்றார். யாரிடம் சொன்னார் என்று இல்லாமல் சொன்னார். தாஜுன்னிசாவின் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

நாலு மணிக்குப் புது ப்ளேட் மெஷினில் ஏறியது. பாலுசாமி நான்கு தொட்டியிலும் மை அள்ளி வைத்தார், ஒவ்வொன்றையும் கரண்டியால் கிளறி மட்டம் பார்த்தார். மெஷின் ஓட ஆரம்பித்ததும் கூடம் முழுக்க அந்தச் சத்தம் நிறைந்தது. பைண்டிங் மேஜையில் இருந்து கத்தினால்தான் அடுத்தவருக்குக் கேட்கும்.

ரம்ஷா இறங்கி வந்தாள். தோளில் கைப்பை மாட்டியிருந்தாள். வேலை முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. மேஜையைக் கடந்தபோது தாஜுன்னிசா தலை நிமிர்ந்தாள், ரம்ஷா நிற்கவில்லை. அவள் கேட் பக்கம் போகாமல் மெஷின் பக்கம் திரும்பினாள். ஐந்து மாதத்தில் மெஷினைச் சுற்றித் தரையில் போட்டிருந்த கோட்டைத் தாண்டி அவள் அங்கே போனதில்லை. தரையில் எண்ணெய் இருந்தது, சுடிதாரின் காலைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தாள் வந்து விழும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றாள். வாய் அசைந்தது. நிறைய நேரம் அசைந்தது. இங்கிருந்து ஒரு சொல்லும் கேட்கவில்லை.

"என்னமா சொல்றா?" என்று நஞ்சம்மாள் கத்திக் கேட்டாள். தாஜுன்னிசா தலையை ஆட்டினாள்.

பாலுசாமி அவளைப் பார்க்கவில்லை. மெஷினையே பார்த்தபடி துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார், துடைத்த விரலையே மறுபடி துடைத்தார். பிறகு காலால், பக்கத்தில் கிடந்த மரப்பெட்டி ஒன்றை அவள் பக்கம் மெதுவாகத் தள்ளினார். அவர் உட்காருகிற பெட்டி அது.

ரம்ஷா உட்காரவில்லை. போகவும் இல்லை. பெட்டி இருவருக்கும் நடுவில் கிடந்தது. அவர்கள் முன்னால் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன.